ஏழு கட்டமும் மூன்றாவது பொட்டும்

சத்தியம். கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கிற நான்கு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். கூட்டிச் சொல்லவில்லை. எங்காவது குறைத்திருந்தால் அது சாய்ந்தான்குளத்துக்காரர்கள் மேல் உள்ள இரக்கத்தால் குறைத்தது.

சாய்ந்தான்குளம் அறிவாளிகள் ஊர். வெளியாள் சொன்னதல்ல, அவர்களே கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள். எதிர்த்துக் கை தூக்கியவர் ஒருவருமில்லை. ஊருக்கு ஒரு குளம், குளத்துக்கு ஒரு மடை, மடைக்குக் கீழே நாற்பத்து மூன்று வயல்காரர்கள், அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பாசன சங்கம், சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. முறைப் பட்டியல். மடை திறக்கிற அன்று முதல் தண்ணீர் யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்று வரிசையாக நாற்பத்து மூன்று பேர். வருஷத்துக்கு ஒருமுறை பட்டியல் ஓரிடம் நகரும். இந்த வருஷம் தலையில் இருந்தவர் அடுத்த வருஷம் வாலுக்குப் போய்விடுவார். ஆக, ஒரு வயலுக்கு முதல் தண்ணீர் கிடைப்பது நாற்பத்து மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை.

இந்த வருஷம் அது மாசானத்துக்கு.

மாசானம் சங்கத்தின் செயலாளர். வயது ஐம்பத்திரண்டு. போன தடவை அந்த வயலுக்கு முறை வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அவருடைய அப்பா, நல்ல நேரம் பார்த்துத் திறந்துவிடலாம் என்று அரைநாள் பொறுத்தார். தண்ணீர் பொறுக்கவில்லை, அடுத்த வயலுக்குப் போய்விட்டது. அன்று முதல் அந்த வீட்டில் யாராவது ‘முதல் தண்ணீர்’ என்றால் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள். மாசானம் நாற்பத்து மூன்று வருஷம் பெருமூச்சு விட்டுக் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மடை திறப்பு. நாற்று வளர்ந்து, இப்போது நடுகிறாயா இல்லையா என்று கேட்கிற பதத்தில் நிற்கிறது.

முதல் ஆள் மாசானம்தான் என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் சங்கத் தலைவர் பட்டியலைப் பார்த்து வாசித்தால்தான் செல்லும். சாய்ந்தான்குளத்துச் சட்டம் அப்படி. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பட்டியல் ஒரு பழைய நோட்டில் இருந்தது. இரண்டு பட்டியல் இருந்தால் எதை நம்புவது என்று, கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்றே அந்த நோட்டை மேளதாளத்தோடு கொண்டுபோய்க் குளத்தில் கரைத்துவிட்டார்கள்.

ஏற்றிக் கொடுத்தது ஜெபசெல்வி. பக்கத்து டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிற பெண். அவள்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் லினக்ஸ் என்கிற ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். கம்ப்யூட்டரை உள்ளே இருந்து வேலை வாங்குகிற மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையின் மேல்வரிசையில் ஐந்து சின்னப் படம் இருக்கும். அதில் மூன்றாவதை இரண்டு தடவை தட்டினால் பட்டியல் திறக்கும்.

அந்த வருஷமே ஆயுதபூஜை வந்தது. மண்வெட்டிக்குச் சந்தனம், மடைச் சாவிக்குச் சந்தனம், கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லையா என்று, திரைக்கண்ணாடியில் அந்த ஐந்து படத்தின் மேலும் அச்சுப் பிசகாமல் ஐந்து பொட்டு வைத்தார்கள். சந்தனம் காய்ந்து, குங்குமம் இறுகிச் சிமெண்டு மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அடியில் இருந்த படத்தை யாரும் பார்த்ததில்லை. மாசானத்துக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வித்தை மொத்தமும் இதுதான்: மவுஸின் அம்பை மூன்றாவது பொட்டுக்கு அடியில் கொண்டுபோய் இரண்டு தட்டு.

திங்கட்கிழமை காலையில் பட்டியலைச் சரிபார்க்கலாம் என்று மாசானம் கம்ப்யூட்டரைப் போட்டார். நடுத்திரையில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, மேம்படுத்த விருப்பமா என்று கேட்டது. சங்கத் தலைவர் ஆவுடையப்பன் வந்தார், துணைத் தலைவர் வெள்ளத்துரை வந்தார். இவ்வளவு மரியாதையாக ஒருவர் வீடு தேடி வந்து கேட்கும்போது மாட்டேன் என்பது ஊருக்கு அழகில்லை என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

அதற்கு அடுத்த அறிவிப்பு, முக்கியமானவை எல்லாவற்றையும் முதலில் நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னது. ஊரிலே முக்கியமானவை எவை என்று மத்தியானம் வரை பேசி, ஒரு மாட்டுவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு டவுனில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். மடைச் சாவியை நகல் எடுத்தார்கள். சங்கத்து மணியை எடுத்தார்கள். தலைவரும் முக்கியம்தானே என்று அவர் முகத்தைக் கண்ணாடியில் அமுக்கி இரண்டு பிரதி எடுத்தார்கள்.

“பட்டியல்?” என்றார் மாசானம், பயந்துகொண்டே.

“அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. கம்ப்யூட்டரை எடுத்தா உள்ள இருக்கதும் சேந்து வராதாவே? உம்ம போட்டோ எடுத்தா உம்ம குடல் வெளியேவா நின்னுச்சு?” என்றார் தலைவர்.

திரையைத் தூக்கிக் கவிழ்த்து வைத்து நகல் எடுத்தார்கள். தாள் முழுக்கக் கறுப்பாக வந்தது. அணைந்திருக்கிற திரை கறுப்புத்தானே, எவ்வளவு சுத்தமாகப் பிடித்திருக்கிறது பார் என்று கடைக்காரரைப் பாராட்டிவிட்டு, அந்தக் கறுப்புத் தாளைச் சுருட்டிப் பத்திரமாக எடுத்து வந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் மேம்படுத்தல் முடிந்தது. அணைந்து, மறுபடி தானாக உயிர் வந்தது கம்ப்யூட்டருக்கு. அங்கே பிடித்தது சனி.

முதலாவது, சத்தம் போச்சு. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் விழித்தவுடன் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். இப்போது ஊமை. சத்தமில்லாமல் ஒரு காரியத்தைத் தொடங்கினால் விளங்குமா என்று, அங்கேயே ஒரு தீர்மானம் போட்டார்கள். கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் துணைத் தலைவர் வெள்ளத்துரை பக்கத்தில் நின்று ‘டொய்ங்’ சொல்ல வேண்டியது. வெள்ளத்துரைக்கு அதுவரை சங்கத்தில் ஒரு வேலையும் கிடையாது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, கோயில் மணி தோற்கிற மாதிரி சொன்னார்.

இரண்டாவது, படம் தலைகீழாக வந்தது. திரையில் எப்போதும் இருக்கிற குளத்துப் படத்துக்குப் பதிலாக ஏதோ பெயர் தெரியாத ஒரு மிருகத்தின் படம், அதுவும் காலை மேலே தூக்கிக்கொண்டு. மேம்படுத்தினால் மேலே இருப்பது கீழே வருவது இயற்கைதான் என்றார் தலைவர். மாசானம் கொஞ்ச நேரம் தலையைக் காலுக்கிடையில் விட்டுப் பார்த்தார், கழுத்து வலித்தது. பிறகு மூன்று பேரும் சேர்ந்து திரையைத் தூக்கித் தலைகீழாக்கி, இரண்டு செங்கலுக்கு நடுவில் நிறுத்தினார்கள். மிருகம் நேராக நின்றது.

ஆனால் மேல்வரிசையில் இருந்த ஐந்து பொட்டும் இப்போது கீழ்வரிசைக்கு வந்துவிட்டன. இடது வலதும் மாறிவிட்டது. மூன்றாவது பொட்டை எந்தப் பக்கம் இருந்து எண்ணுவது என்று பெரிய விவாதம் நடந்தது. இடமிருந்து எண்ணினார்கள், நடுப்பொட்டு வந்தது. வலமிருந்து எண்ணினார்கள், அப்போதும் நடுப்பொட்டு வந்தது. ஐந்தில் மூன்றாவது எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மூன்றாவதாகவே இருக்கிறது என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். சொன்னேனே, அறிவாளிகள்.

மாசானம் நடுப்பொட்டுக்கு அடியில் அம்பைக் கொண்டுபோய் இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. நான்கு தட்டினார். அடியில் இருந்த படங்கள் எல்லாம் புதிய பதிப்பில் இடது ஓரமாக ஒரு பட்டையில் போய் அடுக்கியிருந்தன, வெட்டவெளிச்சமாக. யாருடைய கண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை. பொட்டில்லாத இடத்தில் என்ன இருக்கப் போகிறது?

“பொட்டு பழசாயிட்டுவே. மூணு வருஷம் ஆச்சுல்லா” என்றார் வெள்ளத்துரை. புதுச் சந்தனம் அரைத்து, பழைய பொட்டின் மேலேயே கனமாக ஒரு பொட்டு வைத்துத் தட்டிப் பார்த்தார்கள். தேங்காய் உடைத்துத் தட்டிப் பார்த்தார்கள். இருட்டுகிற வரை தட்டியும் பட்டியல் வரவில்லை. மாசானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெபசெல்விக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். முழுக்கக் கேட்ட அவள், “அண்ணாச்சி, நான் வியாழக்கிழமை மத்தியானம் வாரேன். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க” என்றாள்.

மாசானம் அப்படியே சிலையாகிவிட்டார். அவள் சொன்னதைத் தலைவரிடம் சொன்னார். தலைவர் சட்டென்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். வெள்ளத்துரையும் தூக்கினார்.

“தலைவரே, போனை நான் ஏற்கெனவே தொட்டுட்டனே. இப்ப விடவா, பிடிக்கவா?”

“அந்தப் பிள்ளை சொல்லுததுக்கு முன்னால தொட்டது செல்லும்வே. விட்டுட்டு மறுபடி எடுத்தாத்தான் குத்தம். பிடிச்சுக்கிட்டே நில்லும்.”

மாசானம் வியாழக்கிழமை வரை போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார்.

செய்தி ஊருக்குள் பரவியது. ‘யாரும்’ என்றால் யாரும்தானே. நாற்பத்து மூன்று வயல்காரர்களும் கையைத் தூக்கிக்கொண்டார்கள். ஆடு வயலில் இறங்கியது. கம்பை எடுக்க ஆளில்லை, வாயால் திட்டிப் பார்த்தார்கள். கதவைத் தலையால் முட்டித் திறந்தார்கள். அந்தப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாத வீட்டுப் பெண்கள்தான் ஊட்டிவிட்டார்கள். மாசானத்தின் மனைவி பிரம்மசக்தி சோற்றை உருட்டி அவர் வாயில் போட்டபடி சொன்னாள்: “கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க வீட்டுல ஒரு வேலையையும் தொட்டதில்லை. அதுக்கு டவுன்ல இருந்து ஒரு பிள்ளை போன்ல வேற சொல்லணுமாக்கும்.”

புதன்கிழமை தலைவரின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. மூக்கு அவருடையதுதான், ஆனாலும் ‘எதையும்’ என்பதில் மூக்கும் அடக்கமா என்று ஆலோசனை நடந்தது. அடக்கம் என்றே முடிவானது. ஊதலாமே என்றார் மாசானம். காற்றுக்குக் கை இல்லை, அதனால் தொட்டதாகாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள, வெள்ளத்துரை முறைப்படி வந்து ஊதினார். ஈ எழுந்து வெள்ளத்துரையின் மூக்கில் உட்கார்ந்தது. அன்று பொழுது அப்படியே ஒருவருக்கொருவர் ஊதிக் கழிந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஜெபசெல்வி பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ஊரே கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன ஏது என்று விசாரித்தாள். விஷயம் தெரிந்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, “இனிமே தொடலாம்” என்றாள். நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொறிந்துகொண்டார்கள். அந்தச் சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டது. மழை வருகிறது என்று நினைத்துக் கொடியில் காய்ந்த துணியை எடுத்து உள்ளே வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சங்க அறைக்குள் வந்து, செங்கலுக்கு நடுவில் தலைகீழாக நின்ற திரையையும், அதில் அப்பம் மாதிரி அப்பியிருந்த பொட்டையும் பார்த்தாள். மேம்படுத்தும் முன் நகல் எடுத்தீர்களா என்று கேட்டாள். மாசானம் பெருமையோடு கறுப்புத் தாளை விரித்துக் காட்டினார். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். தலைவர் முகத்தின் பிரதியையும் காட்டவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள்.

பிறகு வேலையில் இறங்கினாள். எங்கேயோ போய் எதையோ மாற்றினாள்; படம் நேரானது, அதாவது தலைகீழாக நின்ற திரையில் தலைகீழானது. திரையைத் திருப்பி வைத்ததும் எல்லாம் சரி. இன்னோர் இடத்தில் தட்டினாள். ‘டொய்ங்’ என்று கம்ப்யூட்டரே சொன்னது. வெள்ளத்துரையின் முகம் செத்துவிட்டது. மூன்று நாள் பதவி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மூலையில் போய் நின்றுகொண்டார். பொட்டைத் துடைக்கப் போனாள். தலைவர் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டார். சரி போகட்டும் என்று இடது ஓரத்துப் பட்டையில் தட்டினாள். பட்டியல் திறந்தது.

மாசானம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தார். முதல் வரியில் அவர் பெயர் இல்லை. யார் பெயரும் இல்லை. நாற்பத்து மூன்று வரி, அத்தனையிலும் சின்னச் சின்னதாகக் கட்டங்கள். முதல் வரியில் ஏழு கட்டம். இரண்டாவது வரியில் ஒன்பது. அப்புறம் ஐந்து, பத்து என்று இஷ்டத்துக்கு.

ஜெபசெல்வி பொறுமையாகத்தான் சொன்னாள். புதிய பதிப்பில் தமிழ் எழுத்துரு விட்டுப்போய்விட்டது. பெயரெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. எழுத்தை வரைந்து காட்ட வழி தெரியாததால் கம்ப்யூட்டர் அதற்குப் பதிலாகக் கட்டம் போட்டுக் காட்டுகிறது. எழுத்துருவை நெட்டில் இருந்து இறக்க வேண்டும்; ஊரில் செவ்வாய்க்கிழமையில் இருந்து நெட் வரவில்லை, போனில் பேச மட்டும்தான் டவர் எட்டுகிறது.

“கடையில இறக்கி, நாளைக்குக் காலையில கொண்டாந்து போட்டுருதேன். ஏன் அண்ணாச்சி, முதல் ஆள் யாருன்னு உங்களுக்கே தெரியாதா?”

“நல்லாத் தெரியும் பாப்பா. மாசானந்தான்” என்றார் தலைவர். “ஆனா பட்டியல் சொல்லலையே.”

அவள் பையைத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்து, பட்டியலில் எப்படி இருக்கிறதோ எல்லாம் அப்படியே இருக்கட்டும், மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்.

பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாம் இருக்க வேண்டும். இதற்கு என்ன பொருள் என்று தலைவரும் மாசானமும் திரைக்கு முன் உட்கார்ந்து யோசித்தார்கள். மூலையில் கோபித்துக்கொண்டு நின்ற வெள்ளத்துரைதான் கண்டுபிடித்தார்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், அது டவுன்காரி. இது எழுத்தில்ல அண்ணாச்சி, வயலு. மலைமேல ஏறி நின்னு பாத்தா நம்ம வயலெல்லாம் எப்படித் தெரியும்? கட்டங் கட்டமாத்தான?”

தலைவர் திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தார். வரப்பு, பாத்தி, வரப்பு, பாத்தி. மேம்படுத்தப்பட்ட கம்ப்யூட்டர் பெயரைப் போய் எழுதிக்கொண்டிருக்குமா? வயலையே வரைந்துவிட்டது.

“அப்ப முதல் வரியில ஏழு பாத்தி. யாரு வயலு ஏழு பாத்தியோ அவனுக்கு முதல் தண்ணி” என்றார் வெள்ளத்துரை.

மாசானம் விரல் விட்டு எண்ணினார். மாசானத்தின் வயல் இரண்டு பாத்தி. ஊரிலேயே ஏழு பாத்தி வயல் ஒன்றே ஒன்றுதான். அது தலைவர் ஆவுடையப்பனுடையது.

தலைவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு ஆசையில்லவே மாசானம். ஆனா பட்டியலே கூப்பிடும்போது போகாம இருக்கது மரியாதை இல்ல பாரும்.”

மாசானம் ஓடினார். அப்படி ஓர் ஓட்டம் அவர் வாழ்க்கையில் ஓடியதில்லை. மண்வெட்டியோடு வயலில் குதித்து, இரண்டு பாத்தியை ஏழாக்கப் புதுவரப்பு போட ஆரம்பித்தார். பக்கத்து வயல்காரர் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை, மண்வெட்டியை எடுத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். பொழுது சாய்வதற்குள் சாய்ந்தான்குளத்தில் ஏழு பாத்தி இல்லாத வயலே இல்லை. வயல் இல்லாத ஒருவர் தன் வீட்டுக் கொல்லையை ஏழாகப் பிரித்துவிட்டு வந்து வரிசையில் நின்றார். மாசானத்தின் வயலில் வரப்பு போக மிச்சமிருந்த பாத்தியில் ஓர் ஆள் உட்காரலாம். படுக்க வேண்டுமென்றால் காலை அடுத்த பாத்தியில் வைக்க வேண்டும். ஆனாலும் கட்டம் ஏழு. அவர் மூன்று தடவை எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மடைக்கரையில் எல்லோரும் கூடினார்கள். கம்ப்யூட்டரைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்து, பக்கத்து மோட்டார் அறையில் இருந்து கரண்டு இழுத்திருந்தார்கள். தலைவர் மாலை போட்டுக்கொண்டு வாசித்தார்: “முதல் தண்ணீர், ஏழு கட்டம்.” நாற்பத்து மூன்று பேரும் ஒரே குரலில் “வந்தேன்” என்றார்கள்.

தலைவர் எல்லோரையும் இரக்கத்தோடு பார்த்தார். “நீங்கள்லாம் நேத்து சாயங்காலம் ஏழானவங்க. நான் எங்க பாட்டன் காலத்துல இருந்தே ஏழு” என்று சொல்லி, மடைச் சாவியில் கை வைத்தார். மாசானத்துக்கு உலகம் இருட்டிக்கொண்டு வந்தது. கண் முன்னால் அப்பா தெரிந்தார், பெருமூச்சு விட்டபடி.

அப்போதுதான் பத்தேகால் பஸ் வந்தது. ஜெபசெல்வி இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் ஒரு பென்டிரைவைச் செருகினாள். நாலைந்து தட்டு. திரை ஒரு தடவை சிமிட்டியது. கட்டமெல்லாம் கரைந்து எழுத்தானது. முதல் வரியில் கொட்டை எழுத்தில்: மாசானம்.

மாசானம் தேம்பித் தேம்பி அழுதார். தலைவர் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிட்டு மடையைத் திறந்தார். ஜெபசெல்வி அதே பஸ் திரும்பும்போது ஏறிப் போய்விட்டாள். தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு இறங்கியது, மாசானத்தின் வயலைத் தேடி.

அத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் இவ்வளவு நேரம் உங்களை உட்கார வைக்கிறேன்? வெள்ளத்துரை திரையைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“மாசானம், பட்டியல்ல எப்படி இருக்கோ எல்லாம் அப்படியே இருக்கணும்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சே. பட்டியல்ல இப்ப கட்டம் எங்க இருக்கு? எழுத்துல்லாவே இருக்கு.”

மாசானம் மறுபடி ஓடினார். ஏழு கட்டத்தின் வரப்பையும் வெட்டிச் சாய்த்தார். நாற்றைப் பிடுங்கி வந்து, வயலின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலை வரைக்கும், தன் பெயரை எழுதி நட்டார். நல்ல கையெழுத்து அவருக்கு. பாதி நட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வந்து, வயலுக்குள் தண்ணீர் விடுகிற வாமடையில் முட்டியது. பிரம்மசக்தி கரையில் நின்று, தண்ணீர் வந்துவிட்டது, திறந்துவிடுங்கள் என்று கூப்பிட்டாள். மாசானம் பாய்ந்து வந்து, வாமடையில் இன்னும் நான்கு மண்வெட்டி மண்ணைப் போட்டு அடைத்தார்.

“உனக்கு அறிவிருக்கா? இப்பத்தான எழுதியிருக்கேன். காயுததுக்கு முன்னால தண்ணி பட்டா எழுத்து கலங்கிராதா?”

எழுத்து காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் கொஞ்சம் நின்று பார்த்தது. பிறகு வாய்க்காலோடு இரண்டாவது வயலுக்குப் போய்விட்டது. மாசானம் கவலைப்படவில்லை. மலைமேல் ஏறி நின்று, வயல் நிறைய விரிந்து கிடந்த தன் பெயரைச் சத்தமாக வாசித்துப் பார்த்தார். ஓர் எழுத்துகூடக் கலங்கவில்லை. அடுத்த முதல் தண்ணீர் அவருக்குத் தொண்ணூற்று ஐந்து வயதில் வரும். அதற்குள் நன்றாகக் காய்ந்துவிடும்.

மற்றவர்களும் அவரவர் வயலில் அவரவர் பெயரை எழுதிவிட்டார்கள். தலைவர் ஆவுடையப்பன் மட்டும் எழுதவில்லை. பாட்டன் போட்ட வரப்பை வெட்ட அவருக்கு மனசு வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து ஏழு பாத்தியையும் வெகு நேரம் பார்த்துவிட்டு, மாசானத்திடமிருந்து போனை வாங்கி ஜெபசெல்வியைக் கூப்பிட்டார்.

“பாப்பா, நீ வந்து பாத்த பெறகு எல்லார் வயலும் எழுத்தாயிட்டு. எனக்கு மட்டும் இன்னும் கட்டமாத்தான் தெரியுது. என் வயலுக்கு எழுத்துருவைப் போடாம விட்டுட்டுப் போயிட்டியேம்மா.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. மாசானத்தின் வீட்டுப் பெருமூச்சைவிடப் பெரியது.

“அண்ணாச்சி, ஒரு தடவை அணைச்சிட்டு, மறுபடி போட்டுப் பாருங்க.”

வயலை எப்படி அணைப்பது என்று மூன்று பேரும் கூடி ஆலோசித்தார்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்டு எப்படியோ வயலுக்குத் தண்ணீர் அப்படி என்று முடிவானது. தலைவர் மடையை அடைத்தார். பத்து வரை எண்ணினார். திறந்தார். போய் வயலைப் பார்த்தார், கட்டம். திரும்பி வந்து அடைத்தார், திறந்தார். இப்போதும் நீங்கள் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம், அடைப்பதும் திறப்பதுமாகத்தான் இருக்கிறார். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், பக்கத்தில் வெள்ளத்துரை வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ‘டொய்ங்’ என்கிறார்.

என் பல்லை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அது போன வருஷத்தில் இருந்தே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். அந்த ஊரில் எனக்கும் ஒரு துண்டு வயல் இருக்கிறது. ஏழு பாத்தி, நேற்றுத்தான் வரப்பு போட்டேன்.